இறைப்பு, உழைப்பு, உரிமை: நீர்ச் சிக்கனம் பற்றிய சில குறிப்புகள்

கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலே மூட்டைகளாக வந்திறங்கும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தின் விலையைப் பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேசாத வீடில்லை. ஆயின் அந்த வெங்காயம் எத்தனை இறைப்பு நீரிலே விளைந்தது, அந்நீர் யாருடைய கிணற்றிலிருந்து யாருடைய செலவிலே மேலே வந்தது என்பன போன்ற வினாக்கள் நகரத்து உரையாடல்களில் இடம்பெறுவதில்லை. பண்டத்தின் விலை அதன் பின்னாலுள்ள மனித உறவுகளை மறைத்துவிடுகின்றது என்று மார்க்ஸ் கூறியதைத் தொழிற்சாலைப் பண்டங்களுக்கே பொதுவாக எடுத்துக்காட்டுவர். வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் அது பொருந்தும். அவற்றை விளைவித்த நீருக்கும் பொருந்தும்.

நீர்ச் சிக்கனம் என்னும் தொடர் திணைக்களங்களின் துண்டுப் பிரசுரங்களிலும், சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகளிலும், பாடசாலைச் சுவரொட்டிகளிலும் பெருவழக்காகிவிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை கமக்காரரை நோக்கிய அறிவுரைகளாகவே அமைந்துள்ளன. கமக்காரர் தேவைக்கு மேலாக நீர் பாய்ச்சுகின்றனர்; அறியாமையே அதற்குக் காரணம்; நுட்பத்தைக் கற்பித்தால் விரயம் குறையும் என்பது அவற்றின் சாரம். இக்கூற்றிலே ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், மிச்சம் பிடிக்கப்படும் நீர் யாரைப் போய்ச் சேருகின்றது என்னும் வினாவை அவை எழுப்புவதேயில்லை. மிச்சம் பிடிப்பவருக்கு அந்த மிச்சத்தின் மீது உரிமை இல்லாதவிடத்து எத்துணைச் சிறந்த நுட்பமும் வேரூன்றாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அதனை வயலையும் தோட்டத்தையும் தனித்தனியே நோக்கி விளக்கலாம்.

முதலிலே வயலின் நுட்பத்தைப் பார்ப்போம். நெல் நீரிலே நின்றாகவேண்டிய பயிர் என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. உண்மையில் அது நீரிலே நிற்பதைத் தாக்குப்பிடிக்கவல்ல பயிர், அவ்வளவே. வயலிலே நீரைக் கட்டிவைப்பதன் பெரும் பயன் களையை அடக்குவதாகும். ஒரு கிலோ நெல்லை விளைவிக்கச் சராசரியாக ஏறத்தாழ 2500 லீற்றர் நீர் மழையாகவோ பாசனமாகவோ வயலுக்கு வருகின்றது என்பது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தார் கூறும் மதிப்பீடு. இதிலே பயிர் உறிஞ்சி ஆவியாக விடுவது ஒரு பகுதியே. எஞ்சியது நிலத்துள் ஊறியும், வரம்பினூடே கசிந்தும், தேங்கிய நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகியும் செல்கின்றது. அந்நிறுவகம் ஆசிய நாடுகளிலே பரப்பிவந்த, மாறிமாறி நனைத்தும் காயவிட்டும் நீர் பாய்ச்சும் முறை மிக எளிமையானது. துளைகளிட்ட குழாயொன்றை வயலிலே புதைத்து, அதனுள்ளே நீர்மட்டம் நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே மறுபடி நீர் விடவேண்டும். பூக்கும் பருவத்திலே மாத்திரம் 5 சென்ரிமீற்றர் நீரை நிறுத்தி வைத்தல் வேண்டும். விளைச்சல் குறையாமலே பாசன நீரிலே 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்பர். தேங்கிய சேற்றிலிருந்து வெளியேறும் மெதேன் வாயுவும் இதனாற் குறைகின்றது. மடகாஸ்கரிலே 1983ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான ஆன்றி டி லொலானியே உருவாக்கியதும், தமிழ்நாட்டிலே திருந்திய நெல் சாகுபடி என்று வழங்குவதுமான முறையும் இதனோடு உறவுடையது. இளநாற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நட்டு, நிலத்தை ஈரமாக மாத்திரம் வைத்திருப்பது அதன் அடிப்படை. முதல் மழையை எதிர்பார்த்துப் புழுதியிலே விதைத்து, குளத்து நீரைப் பிற்காலத்துக்கு விட்டுவைக்கும் வழக்கம் நமது வன்னிக் கமக்காரருக்குப் புதியதன்று என்பதையும் இவ்விடத்திலே குறிப்பிடல் தகும்.

இவ்வளவு எளிமையான முறையைக் கமக்காரர் ஏன் உடனே கைக்கொள்வதில்லை? பெருங்குளமொன்றின் வாய்க்கால் வாலிலே வயல் வைத்திருப்பவரின் நிலையிலிருந்து இதனை நோக்க வேண்டும். துருசைத் திறப்பதும் பூட்டுவதும் அவருடைய கையில் இல்லை. அடுத்த முறை நீர் எப்போது வரும், வந்தாலும் தலைப்பகுதியிலுள்ளோரின் வயல்களைத் தாண்டித் தன்னிடம் வருமா என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே நீர் வரும் நாளிலே வரம்பு தாங்கும் மட்டும் கட்டிக்கொள்கின்றார். அவ்வாறு தேங்கி நிற்கும் நீரே அவருடைய காப்புறுதி. வயலைக் காயவிட்டுக் காத்திருங்கள் என்று கூறும் ஆலோசகர், காப்புறுதியைக் கைவிடுங்கள் என்றே அவருக்குக் கூறுகின்றார். இங்கே அறியாமை யாருடையது?

தோட்டப் பயிர்களை நோக்குமிடத்து நிலைமை மேலும் சிக்கலானது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியிலே மாத்திரம் ஓடுவது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேலே நன்னீர் வில்லையாக மிதந்து நிற்கின்றது. குடாநாட்டின் குடிநீரும் தோட்ட நீரும் இவ்வில்லையிலிருந்தே பெறப்பட்டு வந்தன. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியிலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இவ்வமைப்புக்கு யாவரும் அறிந்த சான்று. மேலேயுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். அவ்வாறு உவரேறிய கிணறு ஒருவருடைய கிணறாக மாத்திரம் இருப்பதில்லை. அயலிலுள்ள கிணறுகள் யாவும் ஒரே பாறையின் வாய்களாகும்.

துலாவின் காலத்திலே இதற்கு இயல்பானதோர் எல்லை இருந்தது. துலாவின் மேலே ஏறி மிதிப்பவர், கிணற்றடியிலே பட்டையைப் பிடித்து வாய்க்காலிலே கவிழ்ப்பவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என ஓர் இறைப்புக்குக் குறைந்தது மூவர் தேவை. விடியுமுன் தொடங்கும் இவ்வேலையிலே மனித உடல் தாங்கும் அளவுக்கு மேலே நீர் இறைத்தல் இயலாது. ஏற்றப் பாட்டுக்களிலே சால் எண்ணிக்கை இடையறாது வருவதை நாட்டாரியல் ஆய்வாளர் உழைப்பின் களைப்பைப் போக்கும் உத்தியாகவே பெரும்பாலும் விளக்கியுள்ளனர். அது சரியே. ஆயின் அவ்வெண்ணிக்கை நீரின் அளவையுமாகும் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பாட்டு முடியும் இடத்திலே பாத்தியும் நிறைந்திருக்கும். அரசவைப் புலமை நீர்நிலை அமைத்த மன்னனை ஏத்தியது. புறநானூற்றிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்தினார். ஒரு துளியும் பயன்படாது கடலைச் சேரலாகாது என்ற கருத்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகுவின் பெயரிலே இன்றளவும் மேடைதோறும் ஒலிக்கின்றது. நீரை எண்ணி அளந்து பாய்ச்சியவரின் குரலோ ஏட்டிலே ஏறாத பாட்டிலேயே எஞ்சியது.

இதனைக் கூறுவதாலே துலாவின் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. சட்டப்படி அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், துலா மிதித்தவர்களுட் பலர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினராயிருந்தனர். பகல் முழுதும் பிறர் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர், மாலையிலே குடிநீருக்காக அதே கிணற்றடியின் வெளியே குடத்தோடு காத்து நிற்க வேண்டியிருந்தது. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை தற்செயலன்று. அக்காலத்திலே நீர் மிச்சமானது சிக்கன உணர்வினாலன்று. பிறருடைய முதுகின் வலியினாலே.

கிணற்றுரிமை பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுவது யாழ்ப்பாணத்து வழமை. பங்குக் கிணற்றிலே இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு முறை என்பது வகுக்கப்பட்டிருக்கும். இப்பங்கு முறை இறைக்கும் நாளை வரையறுத்ததே தவிர, இறைக்கும் அளவை வரையறுக்கவில்லை. துலாவின் காலத்திலே அவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் வரையறுக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

1950களிலிருந்து பரவிய, மண்ணெண்ணெயிலே இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் அவ்விரண்டையும் பிரித்துவிட்டது. மூவர் செய்த வேலையை ஒருவர் சில மணி நேரத்திலே முடிக்கலாயிற்று. உழைப்பாளியின் முதுகுக்கு அது விடுதலை என்பதிலே ஐயமில்லை. சாதிக் கட்டுப்பாடு தளர்ந்து கூலியுழைப்பாளர் துலாவை விட்டகலத் தொடங்கிய காலமும் அதுவே. ஆயின் எல்லையாக இருந்த உடல் நீங்கியபோது வேறோர் எல்லை அவ்விடத்துக்கு வரவில்லை. 1970இலே பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பயனாக யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு வாய்த்த செழிப்பு இன்றும் பேசப்படுகின்றது. இடதுசாரிகள் பங்குபற்றிய ஓர் அரசாங்கத்தின் கொள்கையினாலே முதன்மையாகப் பயனடைந்தவர் கிணறும் இயந்திரமும் உடையோரே என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1977இன் பின்னர்த் திறந்துவிடப்பட்ட இறக்குமதி விலையைச் சரித்தது. விலை சரிந்தபோது இறைப்புக் குறையவில்லை. கடன் பட்டவர் கூடுதலாக விளைவித்தே கடனை அடைக்க முயல்வார். அதற்கு மேலும் நீர் வேண்டும், மேலும் உரம் வேண்டும்.

உரத்தைக் குறிப்பிட்டதனாலே விரயம் என்னும் சொல்லின் பொருளையும் தெளிவுபடுத்தல் அவசியம். வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாக உட்புகவிடுவது. பாத்தியிலே மிகையாகக் கட்டிய நீரின் பெரும்பகுதி மீண்டும் அதே நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. இயந்திரத்துக்கு ஊற்றிய எண்ணெய்தான் விரயமே தவிர, நீர் முழுவதும் விரயமன்று. ஆயின் திரும்பிச் செல்லும் நீர் வெறுங்கையோடு செல்வதில்லை. யூரியாவின் நைத்திரேற்றை உடன்கொண்டு செல்கின்றது. மலக்குழிகளின் கழிவும் அதனோடு சேர்கின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டிவிட்டன என்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. எனவே தோட்டத்திலே நீரைச் சுருக்குவதன் முதற்பயன் அளவைக் காப்பது மாத்திரமன்று. கிணற்று நீரின் தூய்மையைக் காப்பதுமாகும். குடிப்பவர் தோட்டக்காரரின் குழந்தையாகவும் இருக்கலாம். தோட்டமே இல்லாத அயல் வீட்டாராகவும் இருக்கலாம்.

2009இன் பின்னர் சொட்டு நீர்ப்பாசனமும் தூவல் நீர்ப்பாசனமும் அபிவிருத்தித் திட்டங்களோடு வடக்கிலே ஊக்குவிக்கப்பட்டன. பயிரின் வேரடியிலே துளிதுளியாக நீர் விடுவதாலே வாய்க்கால் கசிவும் பாத்தியின் ஆவியாதலும் குறைகின்றன, களையும் குறைகின்றது. சுண்ணாம்பு நீர் துளிவாய்களை அடைத்துவிடுவது போன்ற நடைமுறைத் தொல்லைகளை அமிலம் கொண்டு கழுவுதல் முதலியவற்றால் ஓரளவு தீர்க்கலாம். ஆனால் வேறொரு சிக்கலைக் கழுவித் தீர்க்க முடியாது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் வந்தபோது நிலக்கரியின் மொத்தப் பாவனை கூடியது என்பதை ஆங்கிலப் பொருளியலாளரான ஜெவொன்ஸ் 1865இலேயே எடுத்துக்காட்டினார். சொட்டு நீர்ப்பாசனத்துக்கும் இது பொருந்தும். அரை ஏக்கருக்குப் போதிய நீர் இப்போது ஒரு ஏக்கருக்குப் போதுமெனின், வசதியுள்ளவர் அயற்காணியையும் குத்தகைக்கு எடுப்பார். அவர் எடுக்காவிடினும், அவர் மிச்சம் பிடித்த நீரை அதே பாறையிலே வாய் வைத்திருக்கும் அயலவரின் இயந்திரம் இறைத்துக்கொள்ளும். பொதுவான இருப்பிலிருந்து தனித்தனியே இறைப்போருள் ஒருவருடைய சிக்கனம் மற்றவருக்கு மானியமாகின்றது. தமிழ்நாட்டிலே 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் விவசாயிகள் யாவருக்கும் வழங்கப்பட்ட இலவச மின்சாரம் இன்றியமையாத நிவாரணமாயிருந்தது. ஆயினும் ஆழக் குழாய்க்கிணறு தோண்டும் முதல் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே நீர் சென்று குவிந்தது.

அவ்வாறாயின் விலையை உயர்த்துவதே வழி என்பர் சந்தைப் பொருளியலார். 1992இன் டப்ளின் பிரகடனம் நீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டுமென்றது. இலங்கையிலே அதற்கு முன்னரே, 1984இல், பாரிய நீர்ப்பாசனத் திட்டங்களிலே ஏக்கருக்கு 100 ரூபா பராமரிப்புக் கட்டணம் விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அறவீடு வீழ்ச்சியுற்றுத் திட்டம் செயலிழந்தது. விலையின் வழியான சிக்கனம் எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே நாம் நேரடியாகவே கண்டோம். ஒரே நாளிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. நீர் இறைப்புக் குறைந்திருக்கும் என்பதிலே ஐயமில்லை. மின்சார மோட்டர் வைத்திருந்தவர் தாக்குப்பிடிக்கலாம். குத்தகைக் காணியிலே எண்ணெய் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து இறைப்பவர் பாத்தியைக் கைவிட வேண்டியதுதான். இதனையும் சிக்கனம் என்று கூறலாமெனின், பட்டினியையும் உணவுச் சிக்கனம் என்று கூறலாம்.

கூட்டு ஒழுங்கு ஒன்றின் மூலம் நீரைச் சுருக்கிய அனுபவம் இந்நாட்டிலே இல்லாமலில்லை. உலர் வலயத்துச் சிங்களக் கிராமங்களிலே 'பெத்ம' என்றொரு வழக்கமுண்டு. குளத்திலே நீர் குறைந்த சிறுபோகத்திலே வயல்வெளி முழுவதையும் விதைக்காது, குளத்தையடுத்த பகுதியை மாத்திரம் தெரிந்தெடுத்து, அதனை ஊரிலுள்ள பங்காளர் யாவருக்கும் அந்தப் போகத்துக்கு மாத்திரம் பிரித்துக்கொடுப்பர். நீண்ட வாய்க்காலின் கசிவு மிச்சமாகின்றது. எவரும் முற்றாக இழப்பதுமில்லை. இதிலே முதன்மையானது, நீரைச் சுருக்கும் பொருட்டு நிலத்தின் மீதான உரிமை தற்காலிகமாக இடம்மாற்றப்படுகின்றது என்பதே. எட்மண்ட் லீச் 1961இல் வெளியிட்ட புல்எலிய என்னும் கிராமம் பற்றிய நூலிலே இத்தகைய ஒழுங்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கு நீரிலும் நிலத்திலுமுள்ள உரிமைக்கு வழங்கிய 'பங்குவ' என்னும் சொல் நமது பங்கு என்னும் சொல்லே என்பது மொழியாராய்ச்சியாளருக்கும் இனவாதிகளுக்கும் ஒருங்கே சிந்தனைக்குரியது.

நீர்ப்பாசனம் கீழைநாடுகளிலே மைய அரசின் பணியாயிருந்தது என்ற கருத்தை மார்க்ஸ் 1853இலே எழுதிய இந்தியக் கட்டுரைகளிலே காணலாம். அதனை விற்ஃபோகல் 1957இலே கொடுங்கோன்மைக் கோட்பாடாக ஊதிப் பெருப்பித்தார். சிறுகுளங்களின் வரலாறு அக்கோட்பாட்டுக்கு இடந்தரவில்லை என லீச் 1959இலேயே மறுத்துரைத்தார். இவ்விடயத்திலே லீச்சின் பக்கமே உண்மை நிற்கின்றது என்று கூறுவதிலே மார்க்சியர் தயங்க வேண்டியதில்லை. பேரரசு வீழ்ந்த பின்னரும் ஊர்க்குளம் நிலைத்தது. இராஜகாரிய முறையை 1832இல் ஒழித்த குடியேற்ற ஆட்சி, பராமரிப்பு இன்றிக் குளங்கள் சிதைந்தபின், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய ஊர் வழமைக்கே மீள நேர்ந்தது.

அதே வேளையில் பெத்மவை ஆதிப் பொதுவுடைமையாக வர்ணிப்பதும் தவறாகும். பங்கு உடையவருக்கே பங்கு. வாரக்குடிக்கும் கூலிக்கும் அதிலே குரலில்லை. நீரைப் பகிர்ந்த 'வெல்விதானே' பெரும்பாலும் நிலவுடையோரின் ஆளாகவே இருந்தார். பிலிப் குணவர்த்தன 1958இலே கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்ததன் பொருள் இதுவே: நீரைப் பங்கிடும் அதிகாரம் உழுபவரின் கைக்கு வரவேண்டும். அமைச்சரவையிலிருந்த பழைமைவாதிகள் அச்சட்டத்தின் மீது கொண்ட வெறுப்பு அதன் தாக்கத்துக்கு நல்ல அளவுகோல்.

அத்தகைய அதிகாரம் ஓரளவேனும் கிட்டிய இடத்திலே என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கல்லோயா சான்றாகும். 1956இலே தமிழர் கொல்லப்பட்ட குடியேற்றப் பகுதி அது. 1980களின் தொடக்கத்திலே கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இடதுகரை வாய்க்கால்களிலே விவசாயிகளைச் சிறு குழுக்களாக அமைத்தன. ஒரே கிளை வாய்க்காலிலே பாய்ச்சுவோர் தமக்குள்ளே கூடி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பகிர்ந்து, மிகுந்த நீரைக் கீழே விட்டனர். 1997ஆம் ஆண்டின் சிறுபோகத்திலே, நீர்த்தேக்கத்தில் நெற்செய்கைக்குப் போதிய நீர் இல்லை என அதிகாரிகள் அறிவித்தனர். விவசாயிகளின் அமைப்புக்களோ இருந்த நீரை நுணுக்கமாகப் பகிர்ந்து 65,000 ஏக்கரிலே வழமையிலும் மேலான விளைச்சல் கண்டன. வாய்க்காலின் மேற்பகுதியிலிருந்த சிங்களக் குடியேற்றவாசிகள் கீழ்ப்பகுதியிலிருந்த தமிழ் விவசாயிகளோடு நீரைப் பகிர்ந்துகொண்டனர் என்பதை நோர்மன் அப்ஹொப், சி. எம். விஜயரத்ன ஆகியோர் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பதிவு செய்துள்ளது. நாடு போரிலே மூழ்கியிருந்த ஆண்டு அது. புதிய இயந்திரம் எதுவும் அங்கே பொருத்தப்படவில்லை. அடுத்த முறை நீர் வரும் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஆகவே வயலிலே அளவுக்கு மிஞ்சித் தேக்கிவைக்கும் தேவை இல்லாது போயிற்று.

கல்லோயாவின் அனுபவத்தை வடக்கிலே பொருத்திப் பார்க்கும்போது இரணைமடு நினைவுக்கு வருவது இயல்பே. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அக்குளத்தின் கீழுள்ளன. அதன் நீரின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி கிடைத்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்து நின்றனர். சிறுபோகத்திலே தமக்கே போதாத நீர் என்பது அவர்களது வாதம். யாழ்ப்பாணத்தவர் சிலர் அதனைப் பிரதேச வாதம் என்று பழித்தனர். இறுதியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியிலே அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. கடலிலிருந்து நன்னீர் பிரிக்க மின்சாரம் வேண்டும். குளத்து நீரோ ஈர்ப்பிலே ஓடி வருவது. வயலிலே மிச்சம் பிடித்தாற் குடிநீருக்கு வழி பிறந்திருக்குமே என்று அறிஞர் பலர் கூறினர். கணக்கிலே அது சரி. ஆனால் மிச்சம் பிடிக்கும் கிளிநொச்சி விவசாயிக்கு அதற்கு ஈடாக யாழ்ப்பாணம் எதைத் தருவதாகக் கூறிற்று? வாய்க்கால் திருத்தமா, வறட்சியாண்டிலே நட்டஈடா, குளத்தின் மீது கூட்டு முகாமையா? இவற்றைப் பேசியிருக்க வேண்டிய இடம் போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளிலே துருசு திறப்பது என்பன அங்கேதான் தீர்மானமாகின்றன. காணி உரியவரும் அதிகாரிகளும் அங்கே பேசுவர். சிறுபோகத்துக்குக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவரும், வாய்க்காலின் வாலிலே இரவு முழுதும் விழித்திருந்து தண்ணீர் மாறும் கூலியாளும் அக்கூட்டத்தின் முடிவை மறுநாள் தேநீர்க் கடையிலே கேட்டறிந்துகொள்வர்.